மூன்று வெள்ளி நாற்பது காசு

லாபிஸில் வண்டி நின்றது.
இறங்க வேண்டியவர்கள் இறங்கி,
ஏற வேண்டியவர்கள் ஏறி,
அதற்குப் பிறகும் நின்றது.
ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வர வேண்டுமாம்.
அதற்குக் குளுவாங் பக்கம் எங்கோ
உடம்பு சரியில்லையாம்.

லாபத்தில் தொடங்குகிற ஊர்ப் பெயர்,
வியாபாரிக்குப் பிடிக்காமல் போகுமா?
நான் கரூர்க்காரி. படுக்கை விரிப்பு, தலையணை உறை.
ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டல்காரர்
நாலாயிரம் உறை கேட்டிருந்தார்.
கெமாஸில் வண்டி மாறியதிலிருந்து
ஜன்னலில் செம்பனைதான்.
ஒரே அச்சுக்கட்டையை
மைல் கணக்கில் யாரோ
அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள்,
சாயம் மங்காமல்.

நேற்று கோலாலம்பூரில்
நிற்பதற்கு எனக்கு இடமில்லை.
மஸ்ஜித் ஜமேக்கில் நின்ற என்னைக்
கூட்டம்தான் நடக்க வைத்தது.
நகரும் படியில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று
ஒரு தோள் இடித்துச் சொல்லிக்கொடுத்தது.
டிக்கெட் இயந்திரம் என் ஐம்பது வெள்ளியை
ருசி பார்த்துப் பார்த்துத் துப்பியது.
பின்னால் வரிசை முழுவதும் ஒரே பெருமூச்சு.
அப்போது என் தோளுக்கு மேலே ஒரு கை,
மணிக்கட்டில் சாயம் போன சிவப்புக் கயிறு,
ஒரு வெள்ளி, ஐம்பது காசு, பத்துக் காசு.
சட்டைப் பொத்தான் போல ஒரு நீல வில்லை
உருண்டு விழுந்தது.
திரும்பினேன்.
முதுகுகள்.
எந்த முதுகுக்கு நன்றி சொல்வது?
எங்கள் ஊரில் கடன் கொடுத்தவன்
கனவிலும் முகத்தைக் காட்டுவான்.

"கெரெத்தா அப்பி லம்பாட்" என்று
நிலைய அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
"அப்பின்னா நெருப்புங்க, லம்பாட்னா லேட்டு" என்றாள்
கோப்பிக் கடை தவமலர்.
நெருப்பு வண்டி.
நாங்கள் பின்னால் போனதைப் பார்த்துப்
புகைவண்டி என்றோம்.
இவர்கள் உள்ளே எரிந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.
டீசல் உறுமிக்கொண்டு நின்றது,
இரண்டு பெயருக்கும் பிடிகொடுக்காமல்.

"பசியாறிட்டீங்களா?"
சாப்பிட்டாச்சா என்று கேட்டால் உடனே பொய் வரும் எனக்கு.
இதற்கு வரவில்லை.
இலையில் மடித்த நாசி லெமாக்கை
என் பெட்டியின் மேலேயே வைத்துப் பிரித்தாள்.

பெஞ்சில் மூன்று பேர்,
தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள், வங்கதேசம்.
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை,
நகக்கண்ணில் மட்டும் திங்கள் முதல் சனி வரை.
ஷொஹேல் என்பவன் கேட்டான்:
கோலாலம்பூர் எப்படி இருக்கும்?
இரண்டு வருடம் முன்பு விமானத்தில் இறங்கி
இரவோடு இரவாக லாரியில் வந்தானாம்.
வெளிச்சம் பார்த்தானாம். ஊரைப் பார்க்கவில்லை.
நான் சொன்னேன். தவமலர் மலாயில் சொன்னாள்.
"எல்லாம் முதுகுதான்" என்றேன்.
அவள் அதை என்னவாக ஆக்கினாளோ,
மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நல்ல சமயம், கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று
அவர்கள் கோப்பிக்குப் பணம் நீட்டினேன்.
தவமலர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"அவங்க கொடுத்துட்டாங்க.
உங்க கோப்பிக்கும் சேர்த்துத்தான்.
ஒரு வெள்ளி எண்பது."

எதிர்வண்டி வந்தது, நெருப்போ புகையோ இல்லாமல்,
கொஞ்சம் வெட்கத்தோடு.
அவர்கள் ஓடி ஏறினார்கள், வடக்கே, அந்தக் கூட்டத்துக்கு.
மூன்று முதுகுகள்.
ஒன்றின் பெயர் எனக்குத் தெரியும்.
கத்திக் கூப்பிட்டேன்.
மூன்றுமே திரும்பின.

ஹோட்டல்காரர் கடைசியில்
இரண்டாயிரம் உறைதான் எடுத்தார்,
அதுவும் வெள்ளை.
கரூர்க் கணக்குப் புத்தகத்தில்
பயணச் செலவுக்குக் கீழே
மூன்று வெள்ளி நாற்பது காசு என்று எழுதி
வரவு, செலவு இரண்டு கட்டத்திலும் போடாமல்
கோட்டின் மேலேயே விட்டிருக்கிறேன்.
ஆடிட்டர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.